ஆறு புள்ளி மூன்று எட்டு

இதுவரையில் நாவல்களையும் சிறுகதைகளையும் பற்றித்தான் நான் விமரிசனம் எழுதியிருக்கிறேன். இந்த மாதம் ஒரு மதிப்பெண் பட்டியலைப் பற்றி எழுதப் போகிறேன். வாசகர்கள் சிரிக்கக் கூடாது. ஒரு மனிதனின் நாலு வருஷத்தை ஒரே தாளில் சுருக்கிச் சொல்ல முயலுகிற எதுவும் ஒருவகையில் வாழ்க்கை வரலாறுதான். நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா இல்லையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நான் இருப்பது வல்லம் வடகால். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவிலே உள்ள ஊர். ஏரியும் வயலுமாக இருந்த இடத்தில் இப்போது சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள்; இன்னும் என்னென்னவோ செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதி ஒன்று இங்கே திறக்கப்பட்டது. ஷிப்டு மாறுகிற நேரத்தில் சாலையோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். உள்ளே வரிசை வரிசையாகப் பெண் முகங்கள். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இவர்களில் எத்தனை பேர் பட்டதாரிகள் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் ஒருத்தியைத் தெரியும். எங்கள் எதிர் வீட்டுப் பெண்.

அவள் பொறியியல் படித்தவள். எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக் கழகம் என்பது நமக்கு வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு வரையில் அரசாங்கப் பள்ளியில் தமிழிலேயே படித்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் இங்கிலீஷில் கணிதமும் பௌதிகமும் கேட்க ஆரம்பித்தவள். அவளுடைய அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்க்கிறார். பட்டம் வாங்கிய மூன்றாம் மாதம், இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று பயிற்சிப் பொறியாளர்களுக்கு விளம்பரம் செய்தது. சி.ஜி.பி.ஏ. 6.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவளுடையது 6.38. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரே ஏற்றுக்கொள்ளவில்லை; மனிதர் யாரும் பார்க்கவில்லை. இப்போது அவள் வேறொரு தொழிற்சாலையில், காண்டிராக்டர் மூலமாக, பாகங்களைப் பொருத்துகிற வரிசையில் நிற்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டியல்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அப்பாவும் பெண்ணுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். எழுத்தாளனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. நான் பட்டதாரி அல்ல; இரண்டு வருஷம் கல்லூரிப் படிகளை மிதித்துவிட்டுத் திரும்பி வந்தவன் என்பதை நானும் வலிந்து யாருக்கும் சொல்வதில்லை.

“அறுபதுக்கு மேலே வாங்கினா பர்ஸ்ட் கிளாஸ்னுதானே சார் அந்தக் காலத்திலே சொல்வாங்க? இவ அறுபத்து மூணே முக்கால் வாங்கியிருக்காளே!” என்றார் அப்பா.

பெண் வேறொன்று கேட்டாள். “பெரியப்பா, முதல் மூணு வருஷம் நான் சுமாராத்தான் படிச்சேன். ஒத்துக்கறேன். கடைசியிலே ஒவ்வொரு பேப்பர்லயும் ஒன்பது பாயிண்ட் வாங்கினேனே, அது எங்கே போச்சு?”

இரண்டும் நல்ல கேள்விகள். அப்பாவின் கேள்விக்கு விடை சொல்வது சுலபம். பெண்ணின் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதலில் இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று ஓர் எடை உண்டு. வாங்கிய மார்க்கைப் பொறுத்து ஓர் எழுத்துக் கொடுக்கிறார்கள். அந்த எழுத்துக்கு ஒரு புள்ளி உண்டு. புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் அந்தப் பருவத்தின் ஜி.பி.ஏ. எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்து அப்படியே செய்தால் சி.ஜி.பி.ஏ. பருவங்களின் ஜி.பி.ஏ.க்களைக் கூட்டி எட்டால் வகுத்துவிடலாம் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. 22 கிரெடிட் உள்ள பருவத்தில் 6-ம், 18 கிரெடிட் உள்ள பருவத்தில் 8-ம் வாங்கியவனுக்கு 7 கிடைக்காது, 6.9-தான் கிடைக்கும். கனமான பருவம் தராசைத் தன் பக்கம் இழுக்கும்.

எழுத்துகள் எவை? பல்கலைக் கழக மானியக் குழு 2015-ஐ ஒட்டி நாடெங்கும் பரவச் செய்த திட்டத்தில் ‘ஓ’ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, பி (பாஸ் என்பதன் முதலெழுத்து) 4. சென்னை ஐ.ஐ.டி.யில் வேறு மாதிரி: எஸ் 10, ஏ 9, பி 8, சி 7, டி 6; அதற்கு அடுத்ததான ஈ என்பது 4. நடுவில் ஐந்து கிடையாது. அண்ணா பல்கலைக் கழகத்தின் 2013-ஆம் வருஷத்து விதிகளில் ‘ஏ’ என்றால் 9 புள்ளி; 2017-ஆம் வருஷத்து விதிகளில் அதே ‘ஏ’ 8 புள்ளி. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு ‘ஏ’ வாங்கி வந்தால், இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பெற்றவர்களுக்கு யார் சொல்லுவது? எழுத்து என்னவோ இயற்கையிலேயே முளைத்ததுபோல் பட்டியலில் நிற்கிறது. உண்மையில் அது ஒரு குழுவினர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்துகொண்ட ஏற்பாடு.

மார்க்கை விட்டுவிட்டு எழுத்துக்கு ஏன் போனார்கள்? காரணம் நியாயமானதுதான். பரீட்சை மார்க்கு அத்தனை நம்பத் தக்கதல்ல என்பது வெகு நாளாகத் தெரிந்த விஷயம். 1888-லேயே எட்ஜ்வொர்த் என்ற அறிஞர், ஒரே விடைத்தாளுக்கு வெவ்வேறு பரீட்சகர்கள் போடுகிற மார்க்கில் உள்ள தற்செயலைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912-13-இல் ஒரே விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட உபாத்தியாயர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். இங்கிலீஷ் பரீட்சையில் வித்தியாசம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் க்ஷேத்திர கணிதத் தாளுக்கே 28 முதல் 95 வரையில் மார்க்குகள் வந்தன! தாள் ஒன்றுதான், கை மட்டும்தான் வேறு. ஆகவே, 71-க்கும் 72-க்கும் வித்தியாசம் இருப்பதாகப் பாவனை செய்ய வேண்டாம், 71 முதல் 80 வரையில் எல்லாரையும் ஒரே எழுத்தில் போட்டுவிடுவோம் என்பதுதான் இந்த முறையின் ஆதாரமான எண்ணம். அடக்கமான எண்ணம், எனக்குப் பிடித்த எண்ணமுங்கூட.

ஆனால் அந்த அடக்கம் இரண்டாவது அடியிலேயே போய்விடுகிறது. மார்க்கு துல்லியமானதல்ல என்று ஒப்புக்கொண்டு அதை மொத்தையான எழுத்தாக்கியவர்கள், அந்த எழுத்தைப் புள்ளியாக்கி, பெருக்கி, வகுத்து, கடைசியில் தசம ஸ்தானத்துக்கு அப்பால் இரண்டு இலக்கம் போடுகிறார்கள். 6.38! பத்தில் ஒரு பங்குக்குக் கூடத் தெளிவில்லாத பொருளை நூறில் ஒரு பங்கு சுத்தமாக அளந்து காட்டுகிறார்கள். படியால் நெல்லை அளந்துவிட்டு, மொத்தம் இத்தனை நெல்மணி என்று கணக்குச் சொல்லுகிற மாதிரி இருக்கிறது.

இதனால் வேடிக்கையான அநியாயங்கள் நேருகின்றன. அண்ணா பல்கலைக் கழகத்தின் 2017 விதிகளின்படி 71 முதல் 80 வரை 8 புள்ளி. 61 முதல் 70 வரை 7 புள்ளி. சம எடையுள்ள ஐந்து பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் ஐந்திலும் 71 வாங்குகிறாள். மொத்தம் 355, அவளுடைய சராசரிப் புள்ளி 8. இன்னொருத்தி மூன்று பாடங்களில் 80-ம், இரண்டில் 70-ம் வாங்குகிறாள். மொத்தம் 380, சராசரிப் புள்ளி 7.6. இருபத்தைந்து மார்க்குக் கூடுதலாக வாங்கியவள் பின்னால் நிற்கிறாள்! இது கணக்கில் வந்த பிழையல்ல. கணக்கைச் சரியாகப் போட்டால்தான் இப்படி வருகிறது. படிக்கட்டு என்று இருந்தால் விளிம்பும் இருக்கும். விளிம்பில் நிற்பவனுடைய தலைவிதியை அரை மார்க்குத் தீர்மானிக்கும்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வரலாம். அறுபது முதல் வகுப்பாக இருந்தது மார்க்கின் காலத்தில். அண்ணா பல்கலைக் கழகத்து விதிகளில் முதல் வகுப்புக்கு 6.5 வேண்டும், தனிச் சிறப்புக்கு 8.5. ஏன் 6.5? எனக்குத் தோன்றுகிற காரணம் இது: 61 வாங்கினாலும் 70 வாங்கினாலும் 7 புள்ளி என்பதால், புள்ளியைப் பத்தால் பெருக்கினால் வருவது உண்மையான மார்க்கைவிட நாலைந்து கூடுதலாகவே இருக்கும். ஆகவே புள்ளிக் கணக்கில் 6.5 என்பது பழைய மார்க்குக் கணக்கில் சுமார் அறுபது. நியாயந்தான். ஆனால் அதே சி.ஜி.பி.ஏ.யைச் சதவீதமாக மாற்றச் சொன்னால், பத்தால் பெருக்கு என்கிறார்கள். வகுப்பு நிர்ணயிக்கும்போது 6.5 என்பது அறுபது. சதவீதம் சொல்லும்போது அதுவே அறுபத்தைந்து. ஒரு நாவலில் ஒரே கதாபாத்திரத்துக்கு இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வயதும் பத்தாம் அத்தியாயத்தில் வேறொரு வயதும் போட்டிருந்தால் நாம் ஆசிரியரைச் சும்மா விடுவோமா? அந்த அப்பா குழம்பியதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை.

2021-ஆம் வருஷத்து விதிகள் இன்னும் ஓர் அடி மேலே போயின. ஒரு பாடத்தில் மாணவர் தொகை முப்பதுக்கு மேல் இருந்தால், பாஸ் செய்தவர்களின் மார்க்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுத்துக் கொடுப்பது என்று வைத்தார்கள். முப்பது அல்லது அதற்குக் குறைவானால் பழையபடி நிலையான எல்லைகள். ஒப்பீட்டுக்குப் பயன்படுவது பாக்ஸ், காக்ஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1964-இல் வெளியிட்ட ஒரு கணித முறை. கோணலாகப் பரவியிருக்கும் எண்களை ஒழுங்கான மணி வடிவத்துக்கு அருகில் கொண்டுவருகிற முறை அது. கேள்வித்தாள் கடினமாக அமைந்துவிட்ட வருஷத்தில் எல்லாரும் ஒருமிக்கத் தாழ்ந்துபோகாமல் இது காப்பாற்றும் என்பது வாஸ்தவம். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த முறையில் என் எழுத்து என் விடைத்தாளில் மட்டும் இல்லை; பக்கத்து மேஜைக்காரன் விடைத்தாளிலும் இருக்கிறது. அவனுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தால், என் எழுத்தை நானே கொஞ்சம் கீழே தள்ளிக்கொள்கிறேன். விடுதி அறையில் இரவு பதினோரு மணிக்குத் தோழி வந்து கதவைத் தட்டினால், திறப்பதா வேண்டாமா என்று யோசிக்கவைக்கிற கணக்கு நல்ல கணக்குத்தானா? அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் 2004-இல், ‘ஏ’ வகை எழுத்துகள் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தது. மாணவர்களின் மனக்கலக்கத்தைக் கண்டு, பத்து வருஷத்துக்குப் பிறகு 2014-இல் அதைக் கைவிட்டது. பணமும் புகழும் உள்ள இடத்திலேயே இந்தக் கதி.

அந்த விதிகளிலேயே இன்னொரு மாறுதலும் உண்டு. எழுத்துப் பாடங்களில் கல்லூரியே உள்ளுக்குள் போடுகிற மார்க்கு, 2017-இல் நூற்றுக்கு 20-ஆக இருந்தது 2021-இல் 40 ஆயிற்று. வருஷம் முழுவதும் உழைப்பவனுக்கு இது நல்லது. மூன்று மணி நேரப் பரீட்சை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்காது. ஆனால் மாணவர்களை எப்படியாவது உயர்த்திக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருக்கிற கல்லூரிக்கும், கண்டிப்பான கல்லூரிக்கும் நடுவில், அந்த நாற்பது ஒரே பொருளுடையதாக இருக்குமா? கண்டிப்பான கல்லூரியில் படித்தவள் தன் கல்லூரியின் நேர்மைக்குத் தானே விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் அளவுகோலின் குறைகள். அளவுகோலைத் திருத்திவிடலாம். பெண்ணின் கேள்வி அளவுகோலைப் பற்றியதல்ல. சராசரி என்ற எண்ணத்தைப் பற்றியது. அதனால்தான் எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவளுடைய கணக்கை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 160 கிரெடிட். முதல் 140 கிரெடிட்டில் அவளுடைய சராசரி 6. மீதி இருபதில் 9. ஆக, 840-ம் 180-ம் சேர்த்து 1,020. நூற்று அறுபதால் வகுத்தால் 6.375, பட்டியலில் 6.38. சரி, அந்தக் கடைசி இருபதில் ஒன்பது போதாது என்றால், எத்தனை வாங்கியிருந்தால் அவளுக்கு 6.5 கிடைத்திருக்கும்? பத்து. ஒவ்வொரு பாடத்திலும் பத்து. ஒரே ஒரு பாடத்தில் ஒன்பது வாங்கியிருந்தாலும் கதவு மூடியிருக்கும். அதாவது, அவள் கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்தபோதே தீர்ப்பு அநேகமாக எழுதப்பட்டுவிட்டது. அது தெரியாமல் இராத்திரியெல்லாம் கண் விழித்துப் படித்திருக்கிறாள்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கதையில் கடைசி அத்தியாயம் முதல் அத்தியாயத்தின் பொருளையே மாற்றிவிடும். தட்டுத் தடுமாறி ஆரம்பித்தவள் கடைசியில் நிமிர்ந்து நின்றால், அந்தத் தடுமாற்றமே அவளுடைய பெருமைக்குச் சாட்சியாகிவிடுகிறது. சராசரிக்கு இது தெரியாது. சராசரிக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது; காலமே கிடையாது. ஐந்திலிருந்து ஒன்பதுக்கு ஏறினவனும் ஏழு. ஒன்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கினவனும் ஏழு. ஒருவன் கற்றுக்கொண்டிருக்கிறான், ஒருவன் மறந்துகொண்டிருக்கிறான். பட்டியலின் அடியில் இருவரும் இரட்டைப் பிள்ளைகள். அத்தியாயங்களைக் கலைத்துப் போட்டாலும் மாறாமல் இருக்கிற கதையை நான் கதை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவளுடைய முதல் வருஷத்தில் அளக்கப்பட்டது என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். பொறியியல் அறிவா? பன்னிரண்டு வருஷம் தமிழில் சிந்தித்தவள், இங்கிலீஷில் வாத்தியார் சொல்லுவதை எத்தனை வேகத்தில் பிடித்துக்கொண்டாள் என்பதுதான் அதில் பெரும்பகுதி. அந்தக் கடனை இரண்டாம் வருஷத்திலேயே அடைத்துவிட்டாள். ஆனால் கணக்குப் புத்தகத்தில் வட்டியோடு நாலு வருஷமும் நின்றுவிட்டது.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதல் வருஷ மாணவர்களின் முதல் பருவத்துக்கு எழுத்தே கிடையாது. தேறினால் தேறினான் என்று மட்டும் எழுதுவார்கள். தேறாவிட்டால் வெளியே போகிற பட்டியலில் அந்தப் பாடமே வராது. புது இடத்தில் கால் ஊன்ற அவகாசம் கொடுப்பதுதான் நோக்கம். டார்ட்மவுத் கல்லூரி 1994-இல், மாணவனுடைய எழுத்துக்குப் பக்கத்திலேயே அந்த வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் நடு மாணவன் வாங்கியது என்ன என்பதையும் அச்சிடத் தீர்மானித்தது. இரண்டும் செலவில்லாத காரியங்கள். உலகத்தில் வசதியான பிள்ளைகள் படிக்கிற இடத்திலேயே கால் ஊன்ற அவகாசம் தேவைப்படுகிறது என்றால், வல்லம் வடகாலிலிருந்து பஸ் ஏறிப் போகிற பெண்ணுக்குத் தேவையில்லையா?

இதற்கு எதிராக ஒன்று சொல்லுவார்கள். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்பார்கள். போடட்டும். ஆனால் கோடு போடுகிறவர் தன் கோட்டின் தடிமனைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். 6.38-க்கும் 6.5-க்கும் உள்ள வித்தியாசம் பெண்ணின் மூளையில் இல்லை, வகுத்தலில் இருக்கிறது. தொழிற்சாலையில் ஓர் இரும்புத் துண்டை அளந்தால்கூட, இவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று ஒரு சலுகை அளவு வைக்கிறார்கள். இரும்புக்குக் கொடுக்கிற சலுகையை மனிதருக்கும் கொடுத்தால் உற்பத்தி குறைந்துவிடாது. பருவந்தோறும் வாங்கிய புள்ளிகள் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் படிக்கிற கண் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். படிக்கத் தெரிந்தவருக்கு அதில் ஒரு நல்ல கதை இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். எட்டுப் பருவத்துப் புள்ளிகளையும் ஒரே வரியில், இடமிருந்து வலமாக, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எங்காவது நேரில் பார்த்துப் பேச வாய்ப்புக் கிடைத்தால் முதலில் இந்தத் தாளைக் காட்டு, அந்தக் கடைசி எண்ணைப் பிறகு காட்டு என்று சொன்னேன். அவள் அந்த வரியை ஒரு தரம் படித்தாள்; பிறகு விரலை வைத்து இன்னொரு தரம் படித்தாள்.

“அப்போ, அது எங்கேயும் போகலே. இங்கேதான் இருக்கு,” என்றாள்.

இருக்கிறது. அதை வாங்கிப் பார்க்க ஒருவர் வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் ஆள் எடுக்கிற உத்தியோகத்தில் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். இரண்டாவது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்து போனாள்; தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.